காலி வேறு, இல்லை வேறு

சிவகாசியை விட்டு நடக்கத் தொடங்கி, சாத்தூர் ரோட்டில் பாதித் தூரம் வந்திருந்தேன். கையில் ஒரு பை. அதில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். பஸ்காரர்கள் வேகத்தைக் குறைத்து, ஏறுகிறாயா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அவசரம் இல்லை. ஓர் ஊரை விட்டுப் போகும்போது நடந்து போவதுதான் என் வழக்கம். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலம் முள். அதற்கு உள்ளே, ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். ஒன்று வெடித்துப் போனாலும் அடுத்தது நிற்க வேண்டும் என்று அப்படிக் கட்டுவார்கள்.

அந்த நடை முழுக்க நான் நினைத்துக்கொண்டு வந்தது கம்ப்யூட்டர் அக்காவை.

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதவில்லை. ஒருவர் பெயரை அவரைக் கேட்காமல் எடுத்துப் புழங்கக் கூடாது என்பது அவர் கட்சி. நானும் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நான் அங்கே லோடுமேனாகப் போனவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் கல்குவாரி, நடுவில் சில ஓட்டல்கள் என்று சுற்றிவிட்டுச் சிவகாசிக்கு வந்தேன். ஒரு நாள் லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது வலது தோள்பட்டை விலகியது. அதன் பிறகு பாரம் தூக்க முடியவில்லை. முதலாளி அண்ணாச்சி என்னை அனுப்பிவிடவில்லை. ஒரு பழைய மொபெட்டைக் கொடுத்து, ஷெட்டுகளைச் சுற்றிவரும் வேலையில் போட்டார்.

வேலை சுலபம். அச்சங்குளம், வெம்பக்கோட்டை என்று அவருக்கு அங்கங்கே ஷெட்டுகள். வெடிமருந்து இருக்கிற இடத்தில் போன் கூடாது என்பதால், ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு போன் வாசல் காவல் அறையில் இருக்கும். அன்றைக்கு என்ன சரக்கு வந்தது, எந்த அறைக்குப் போனது என்று சாயங்காலம் அதில் ஏற்றுவார்கள். அங்கே சிக்னல் கிடையாது. நான் போன்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் போய் நின்றதும் கேட்டார்.

"பேரு?"

"மதுரைன்னு கூப்பிடுங்கக்கா."

"அது ஊரு."

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாக."

"வீட்ல எப்படிக் கூப்பிடுவாக?"

நான் போன் பையை மேஜையில் இறக்கினேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரி. நீங்க சொல்லல. அதுக்காக இல்லேன்னு நான் எடுத்துக்கிட மாட்டேன்" என்றார். அதன் பிறகு என்னை "மதுரை" என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் லேசாக நிறுத்துவார், அது தற்காலிகப் பெயர் என்பது போல.

அவர் உட்கார்ந்திருந்தது பேப்பர் குடோனுக்கு மேலே ஒரு அறை. நிறம் தப்பி அச்சான பட்டாசு லேபிள் கட்டுகள் மேஜைக்கு அடியில் கிடக்கும். மஞ்சள் ஒரு பக்கமும் நீலம் ஒரு பக்கமும் நகர்ந்து, ஒரே மயிலுக்கு இரண்டு தலை. அதன் பின்பக்கத்தில்தான் எல்லாவற்றையும் கிறுக்குவார். கேள்வியைத் தட்டிவிட்டு, பதில் வரும் வரை திரையைப் பார்க்க மாட்டார். ஜன்னல் வழியே எதிர்க்கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வந்த பிறகு கீழேயிருந்து மேலாகப் படிப்பார். ஏன் என்று கேட்டேன். "மேல இருந்து பாத்தா நமக்கு வேண்டியது கண்ணுல பட்டதும் நிறுத்திருவோம்" என்றார்.

போனை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அவர் என்னதான் செய்கிறார் என்று பார்ப்பேன். நான் புரிந்துகொண்ட வரையில், போன்களிலிருந்து வருவதற்கு ஜேசான் என்று பெயர். பெயர் ஒட்டிய பெட்டிகள். சில பெட்டிக்குள் வேறு பெட்டிகள். எஸ்க்யூஎல் என்பது அந்தப் பெட்டிகளைக் கேள்வி கேட்கிற பாஷை. டாலர் குறி, ஒரு புள்ளி, பிறகு பெட்டியின் பெயர் என்று வழி சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிற பெட்டி வேண்டுமென்றால் இன்னொரு புள்ளி வைத்து அதன் பெயர். புள்ளி என்றால் உள்ளே போ என்று அர்த்தம்.

தொல்லை பெயர்களில் இருந்தது. அண்ணாச்சியின் மருமகன் சென்னையிலிருந்து போட்டுக் கொடுத்த அந்த ஆப்பில், ஒவ்வொரு ஷெட்டும் தன் பெட்டிக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளலாம். வைத்தார்கள். அச்சங்குளத்தில் "அறை-எண்". நடுவில் கோட்டைப் பார்த்ததும், அறையிலிருந்து எண்ணைக் கழிக்கச் சொல்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் நினைக்கும். இன்னொரு ஷெட்டில் பெட்டியின் பெயரே "எந்த ரூம்?", கேள்விக்குறியோடு. அக்கா எதற்கும் முகம் சுளிக்க மாட்டார். பெயரை அப்படியே எழுதி இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுவார். "இந்த ரெண்டுக்கும் நடுவுல வந்துட்டா அம்புட்டும் பேருதான். கழிக்காது, பிரிக்காது, எதுத்துப் பேசாது."

அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஒரே பேரா மாத்திரலாம்லம்மா. ஆளுக்கொரு பேரு வச்சுக்கிட்டு, என்ன கல்யாண வீடா?"

"மாத்துனா நாளைக்கே எழுதுறத நிப்பாட்டிருவாக அண்ணாச்சி. அவுக வச்ச பேருல கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாப்பாக."

வெம்பக்கோட்டை ஷெட்டில் மருந்து கலக்குகிற மாடசாமி அண்ணனுக்கு இந்த வேலையே வேடிக்கை. நான் போனை வாங்கப் போனால் காவல் அறை வாசலில் நின்றுகொண்டு ஆரம்பிப்பார். விரல் நகங்களில் எப்போதும் வெள்ளிப் பூச்சு போல அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும்.

"ஏலே மதுர, தெனமும் வந்து வாங்கிட்டுப் போறியே, யாருக்குலே இது?"

"கம்ப்யூட்டர் அக்காவுக்குண்ணே. ஜேசான்னு ஒண்ணு."

"யாருலே ஜேசான்? கிறிஸ்தவப் பேரு மாதிரில்லா இருக்கு, நாசரேத்துக்காரரா?"

"ஆளு இல்லண்ணே."

"ஆளு இல்லாமயா அம்புட்டுப் பேரும் அவருக்கு எழுதுதோம்? கேட்டேன்னு சொல்லு."

நான் வந்து சொன்னேன். அக்கா சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. மறுநாள் "அவரும் உங்களக் கேட்டாருன்னு மாடசாமி அண்ணங்கிட்ட சொல்லிருங்க" என்று அனுப்பினார்.

அவரை நான் மறக்காமலிருப்பது மேற்கோளுக்காக அல்ல. காலிக் கட்டத்தைக் கண்டால் அவர் படும் பாட்டுக்காக. தப்பான பெயரில் கேட்டால் கம்ப்யூட்டர் திட்டாது. அப்படி ஒன்று இல்லை என்றும் சொல்லாது. பேசாமல் ஒரு காலிக் கட்டத்தைக் கொடுத்துவிட்டு இருக்கும். பெட்டி இருந்து, அதில் ஒன்றும் வராத நாள் என்றால் சைபர் என்று எழுதியிருப்பார்கள். காலி வந்தால் அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. விரலால் திரையைத் தட்டிக்கொண்டே இருப்பார், கதவைத் தட்டுகிற மாதிரி.

இந்தக் குணம் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. "சாப்பிட்டீகளா?" என்று கேட்பார். தலையை எப்படி ஆட்டினாலும் விட மாட்டார். "வாயத் தொறந்து சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?" ஒரு தடவை லேபிள் வெட்ட வருகிற பெண் இரண்டு நாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. வேறு கம்பெனிக்குப் போயிருப்பாள் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அக்கா அவள் தெருவுக்கே போய்விட்டு வந்தார். அவள் வேறு கம்பெனிக்குத்தான் போயிருந்தாள். "நிம்மதியா வேற வேலைக்குக் கூடப் போக விட மாட்டீகளா" என்று வாசலில் வைத்துக் கேட்டாளாம். அக்கா அதைச் சொல்லும்போது வருத்தமே இல்லை. "பதில் கெடச்சிருச்சுல்ல" என்றார். கூட வேலை செய்வதற்கு அலுப்பான மனுஷிதான். அதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரிந்தது ஒரு நாள். அச்சங்குளத்தில்தான் அவர் அம்மா வீடு. பிரஷர் மாத்திரை கொடுத்துவிடச் சொல்லி என்னை அனுப்பினார். உள்ளே சுவரில் ஓர் இளைஞனின் படம். அதன் மேல் சந்தன மாலை. நான் பார்ப்பதைப் பார்த்து அந்த அம்மா சொன்னார்கள்.

"எம் மவன். வடக்க வேலைக்குப் போனான். மொதல்ல பேசிக்கிட்டுத்தான் இருந்தான். அப்புறம் சத்தத்தக் காணோம். எம்புட்டு வருசத்துக்குத்தான் வாசலப் பாத்துக்கிட்டு இருக்க? எள்ளுந் தண்ணியும் எறச்சு விட்டாச்சு."

"ஏதும் சேதி வந்துச்சாம்மா?"

"வரலய்யா. அதான் எறச்சேன்." மாலையை ஒரு பக்கமாக இழுத்துச் சரிசெய்தார்கள். "எம் மவ வந்தா இதக் கழட்டி அந்தா அந்த அலமாரியில போட்டுருவா. அவ பஸ் ஏறுனதும் நான் எடுத்து மாட்டிருவேன். பெத்தவ நானே விட்டுட்டேன், அவ விட மாட்டேங்கா."

இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்திக்குத் தூங்க வேண்டியிருந்தது. இன்னொருத்திக்கு அந்தத் தூக்கம் பொய்யாகப் பட்டது. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது வேறு ஒன்றை யோசித்தேன். எங்கள் வீட்டை விட்டு நான் கிளம்பியும் வருஷங்கள் ஆகிவிட்டன. அங்கே சுவரில் என் படம் இருந்தால் அது எந்த நிலையில் இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோன்றியது.

அறைக்கு வந்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான். "மாலை மாட்டியிருந்துச்சா?"

"மாட்டியிருந்துச்சுக்கா."

"சரி" என்று திரும்பிக்கொண்டார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்திருந்தது. ஷெட்டுகளுக்கு அன்று லீவு. ஆபீஸில் அண்ணாச்சி, அக்கா, நான். மதியம் சாத்தூர் குடோனிலிருந்து போன் வந்தது. கூரை ஒழுகி, ஒரே எண்ணில் ஒன்றாக வந்த ஒரு லாட் அலுமினியப் பொடி நனைந்திருக்கிறது. அது நனைந்தது தெரியாமலேயே அந்த வாரம் சில பீப்பாய்கள் ஷெட்டுகளுக்குப் போய்விட்டன. எது எங்கே போனது என்று குடோனில் குறிக்கவில்லை.

ஈரம் பட்ட அலுமினியப் பொடி தானாகவே சூடேறும். அதை அறியாமல் மற்ற மருந்தோடு கலந்தால் அந்த அறையில் நிற்கிறவர் பிழைக்க மாட்டார். திங்கட்கிழமை காலையில் ஷெட் திறந்ததும் முதல் வேலை கலக்குவதுதான்.

அக்கா லாட் எண்ணை வைத்துக் கேட்டார். இரண்டு ஷெட்டின் பெயர் வந்தது. அண்ணாச்சி இரண்டு போர்மேன்களுக்கும் போன் பண்ணி, யாரும் கிட்டப் போகக் கூடாது என்று சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டுக் கார் சாவியை எடுத்தார்.

"அம்புட்டுத்தான். சாமி காப்பாத்துச்சு."

அக்கா நகரவில்லை. "வெம்பக்கோட்டை காலியா வந்திருக்கு அண்ணாச்சி."

"வாங்கல, அதான் காலி."

"வாங்கலேன்னா சைபர்னு வரும். இது காலி."

"சைபருக்கும் காலிக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"சைபர்னா, கேட்டேன், இல்லேன்னு சொன்னாக. காலின்னா, கேட்டேன், யாரும் பதிலே சொல்லல."

அண்ணாச்சி வெம்பக்கோட்டை போர்மேனைக் கூப்பிட்டார். அந்தப் போர்மேன் தன் மகள் கல்யாணத்துக்காக அந்த வாரம் முழுக்க ஊரில் இல்லை. போன் அணைந்திருந்தது. "அப்ப இந்த வாரம் யாரு எழுதுனது?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"மாடசாமி அண்ணன். அவருகிட்ட போன் கெடையாதுக்கா."

"எதுக்கும் நாளைக்கி ஒரு நாளு அந்த ஷெட்டையும் நிறுத்திருங்க அண்ணாச்சி."

"காலிக் கட்டத்த நம்பி ஷெட்ட நிறுத்தச் சொல்றியா? தீவாளி நமக்காகத் தள்ளி நிக்குமாம்மா?" சொன்னாரே தவிர, அவரும் போகவில்லை. சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா கேள்வியை மாற்றினார். அலுமினியம் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த வாரம் வெம்பக்கோட்டைப் பெட்டிகளுக்கு என்னென்ன பெயர் என்று கேட்டார். பட்டியல் வந்தது. போர்மேன் வைத்த பழைய பெயர் ஒன்றைக் கூடக் காணோம். தே., அ.எ, லா.எ, அ.பொ என்று எல்லாம் எழுத்தும் புள்ளியும். தேதி, அறை எண், லாட் எண், அலுமினியப் பொடி. மாடசாமி அண்ணனுக்கு நீளமாக எழுதுவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற காரியம். தன் சைக்கிளில் கூட முதலெழுத்தும் புள்ளியும்தான் எழுதியிருப்பார்.

அக்கா வேகமாகத் தட்டினார். மறுபடியும் காலி.

"பாத்தியாம்மா" என்றார் அண்ணாச்சி.

அக்கா ஜன்னலைப் பார்த்தார். பிறகு தலையில் மெல்லத் தட்டிக்கொண்டார். "அவசரத்துல மேற்கோள் போடல. புள்ளியப் பாத்ததும் உள்ள போகச் சொல்றேன்னு நெனச்சிருச்சு. அ-ங்கற பெட்டிக்குள்ள பொ-ங்கற பெட்டியத் தேடிட்டு வந்திருக்கு. அப்படி ஒண்ணு ஏது?"

ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பக்கமும் மேற்கோள் போட்டார். இந்தத் தடவை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்தது ஒரே ஒரு வரி. அதே லாட். மாடசாமி அண்ணன் வேலை செய்கிற அறை.

அண்ணாச்சியின் காரில் மூன்று பேரும் போனோம். காவலாளி கேட்டைத் திறந்தார். ஆள் அனுப்பியதில், அணையில் குளித்துக்கொண்டிருந்த மாடசாமி அண்ணன் ஈரத்துண்டோடு வந்துவிட்டார். அண்ணாச்சி எங்களை வெளியே நிறுத்திவிட்டு அந்த அறைக்குள் போனார். நான் மட்டும் பின்னாலேயே போனேன். பீப்பாயின் பக்கவாட்டில் கை வைத்தார், எடுத்தார். நானும் வைத்தேன். அது நிழலில் இருந்த பீப்பாய். பகல் முழுக்க வெயிலில் கிடந்தது போலச் சுட்டது.

"பைய நடந்து வெளிய வா" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

அந்த வேலை தெரிந்தவர்கள் வந்து அதை அப்புறப்படுத்தும் வரை அந்த ஷெட்டைத் திறக்கவில்லை. அது பிறகு. அன்றைக்கு, கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் மாடசாமி அண்ணன் ஈரத்துண்டோடு உட்கார்ந்துவிட்டார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரத் தப்பா எழுதிட்டேனாக்கா?"

"இல்லண்ணே. நீங்க சரியாத்தான் எழுதுனீக. எங்களுக்குத்தான் கேக்கத் தெரியல."

அவர் யோசித்தார். "அப்ப அந்த ஜேசான் நாசரேத்துக்காரரு இல்ல. நம்ம பக்கத்து ஆளுதான்."

"எப்படிண்ணே?"

"எழுத்து, புள்ளின்னு முழுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான வாராரு."

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயர்களை எல்லாம் நாளைக்கே மாற்றிவிட வேண்டும் என்றார். அக்கா மாற்றவில்லை. மறுநாளிலிருந்து, வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் எல்லா ஷெட்டிலும் இன்றைக்கு என்னென்ன பெயர் என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அ.பொ அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகும் சில மாதம் அங்கே இருந்தேன். ஓர் இடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலியும் டம்ளரும் வந்துவிட்டால் எனக்குக் கால் பரபரக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை. கிளம்புகிற அன்று மேலே போய்ச் சொன்னேன்.

"எங்க போறீக?"

"தெரியலக்கா. தெக்க."

"உங்களத் தேடி யாராச்சும் வந்தா என்ன சொல்ல?"

"யாரும் வர மாட்டாக."

"இதுக்கு முந்தி இருந்த எடத்துல எல்லாம் வந்து கேட்டுட்டுப் போனாகளோ என்னமோ. எந்தப் பேரச் சொல்லிக் கேட்டாகளோ." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்க அம்மா வீட்டுச் சுவத்தப் பாத்தீகல்ல?"

நான் பையைக் கையில் எடுத்தேன். அவர் விரல் மேஜையை இரண்டு தடவை தட்டியது. பிறகு, "சாப்பிட்டீகளா?" என்றார்.

"சாப்பிட்டேன்க்கா" என்று வாயைத் திறந்து சொன்னேன்.

இப்படி நினைத்துக்கொண்டே நடந்து சாத்தூர் சேர்ந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். ரயில் ஸ்டேஷனில் படுத்துக்கொண்டேன். காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சேவுக் கடையில், மாவு சலிக்க ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். தோள் அந்த வேலைக்குத் தாங்கும். கடைக்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே போனை எடுத்தார்.

"பேரு சொல்லுப்பா. வேலைக்கு இருக்கிறவங்க பேரெல்லாம் இதுல ஏத்தணும்னு மவன் சொல்லியிருக்கான்."

மதுரை என்று சொல்ல வாய் போனது. நிறுத்திக்கொண்டு, வீட்டில் வைத்த பெயரைச் சொன்னேன். நெடுநாளாகச் சொல்லாத பெயர். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தையும் சொன்னேன்.

"எழுத்து எதுக்குப்பா? பேரு போதும்ல."

"எழுத்தும் போட்டுருங்க அண்ணாச்சி. பக்கத்துல புள்ளியும் வைங்க."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் தேடித் தேடி வைத்தார். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சல்லடையை எடுத்தேன்.